பரங்கிமலைக்கு முன் ஒரு கல்லூரி



சேர்க்கை நாளில் மாணவி ஒருத்தி கேட்டாள்: "அம்மா, தமிழ் இலக்கியம் எடுத்தால் படையில் அதிகாரியாக முடியாதாமே?" புறநானூறு படிக்கப் போகிறவளுக்கு இந்த ஐயம்!

கடற்படைக் கழகத்திற்குப் பொதுவாகப் பொறியியல் பட்டம் வேண்டும். விமானம் ஓட்டுவதற்கு மேல்நிலையில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். 1992 முதல் பெண்களையும் பயிற்றுவித்துவரும் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்திற்கோ எந்தப் பட்டமாயினும் போதும். அதற்கான எழுத்துத் தேர்வில் கணிதத்தாளே இல்லை. ஆங்கிலமும் பொது அறிவும்தாம். தேசிய மாணவர் படையின் 'சி' சான்றிதழை உரிய மதிப்பெண்ணுடன் பெற்றவர்க்கு அவ்வெழுத்துத் தேர்வும் இன்றி நேர்காணலுக்குச் செல்லும் தனிவழி உண்டு.

ஐந்து நாள் நடைபெறும் அந்த நேர்காணலில் என்னைக் கவர்ந்தது ஒன்று. படமொன்றை அரை நிமிடம் காட்டுவார்கள். நான்கு நிமிடத்தில் அதற்கொரு கதை எழுத வேண்டும். இப்படியே பல படங்கள். கடைசி அட்டையில் படமே இராது. வெள்ளைத் தாளின்முன் அமர்ந்து பழகிய உங்களுக்கு அதன் அச்சம் தெரியும்.

"தமிழே எடு. கழகம் உன்னை ஏற்காவிடினும் நீ விரும்பிக் கற்றது வீணாகாது. ஆனால் மாணவர் படைப் பிரிவும் நல்ல ஆங்கிலத் துறையும் உள்ள கல்லூரியாகப் பார்" என்றேன்.

எங்கள் கல்லூரியில் அப்பிரிவு இல்லை. ஆண்டுதோறும் இடம் நிரம்பாத துறையின் ஆசிரியை நான். வேறொரு கல்லூரியின் பெயரை எழுதிக் கொடுத்தனுப்பினேன்.