தாழிக்குள் கிடந்த வாள் யார் அடித்த வாள்?

(சோழவரத்தில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

மண்ணைத் தோண்டுகிறவர்கள் நாம். கிணறு வெட்டுவது நாம். ஏரியில் தூர் வாருவது நாம். தொழிற்சாலைக்குக் கடைக்கால் எடுப்பதும் நாம். ஆகவே மண்ணுக்குள் கிடக்கும் பழம்பொருளைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர்களும் நாம்தான்.

தோண்டும்போது ஒரு பெரிய மண் தாழி தட்டுப்படுகிறது. உள்ளே எலும்பு, சின்னச் சட்டிகள், சில இடங்களில் துருப்பிடித்த வாளோ ஈட்டியோ. உடனே என்ன பேச்சுக் கிளம்புகிறது? "அந்தக் காலத்து வீரனின் தெய்வ ஆயுதம்" என்கிறார் ஒருவர். "வேற்றுக் கிரகத்தார் கற்றுக்கொடுத்த வித்தை, இன்று உலகில் யாருக்கும் தெரியாது" என்று செல்போனில் படம் காட்டுகிறார் மற்றொருவர். "கூட இருக்கும் கலசத்தில் இரிடியம், வெளிநாட்டான் கோடி கோடியாகக் கொடுப்பான்" என்கிறார் மூன்றாமவர். இதில் எது வாஸ்தவம்?

தாழிகள் வாஸ்தவம். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 1876ல் ஜெர்மானியர் யாகோர் தோண்டினார். பின்னர் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். இரும்பு வாள்கள், ஈட்டிகள், வெண்கலப் பாத்திரங்கள், பொன் நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. நம் பக்கத்திலேயே, அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்து அமிர்தமங்கலத்தில், 1955ல் மத்தியத் தொல்பொருள் இலாகா தோண்டித் தாழிகளைக் கண்டது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் 5,000 ஆண்டுக்கு மேல் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. இன்னும் சான்று வேண்டும் என்று கேட்கும் ஆராய்ச்சியாளரும் உண்டு. கேட்கட்டும், விஞ்ஞானம் வளர்வது அப்படித்தான்.

ஆனால் தாழிக்குள் தெய்வ ஆயுதம் ஏதும் இல்லை. இருப்பது இரும்பு. அதை அடித்தது மனிதன்.

எப்படிச் செய்தான்? ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் உலைகளின் மிச்சம் கிடைத்திருக்கிறது. நம் நாட்டுக் கொல்லர் செய்த முறையை வெள்ளைக்காரர் நேரில் பார்த்து எழுதியும் வைத்தனர். தாதுக் கல்லைக் கரியோடு உலையிலிட்டுத் துருத்தி ஊதி இரும்பு எடுத்தார்கள். அந்த இரும்புத் துண்டைச் சிறு மண் மூசையில் வைத்து, ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் சேர்த்து, வாயைக் களிமண்ணால் அடைத்துச் சூடேற்றினார்கள். கட்டையிலும் இலையிலும் இருந்த கரிச்சத்து இரும்புக்குள் ஏறியது. நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைப் பங்கு ஏறினால் எஃகு. இதுதான் ரகசியம்! கும்மிடிப்பூண்டி உருக்காலையில் வேலை செய்யும் தோழருக்கு இது விளங்காத மந்திரமா?

இந்த எஃகை வெள்ளைக்காரன் 'ஊட்ஸ்' என்றான். 1819ல் இங்கிலாந்தில் அதைச் சோதித்துப் பார்த்த மைக்கேல் ஃபாரடே யார்? ஒரு கொல்லனின் மகன்!

2006ல் ஜெர்மன் விஞ்ஞானிகள் 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றில் கரியாலான நுண்குழல்களைக் கண்டார்கள். 2020ல் கீழடிப் பானை ஓட்டின் கரும்பூச்சிலும் அத்தகையவை இருப்பதாகக் கட்டுரை வந்தது. "பார்த்தீர்களா, முன்னோர் நானோ விஞ்ஞானம் அறிந்திருந்தார்கள்" என்று கிளம்பிவிட்டார்கள். மயிரிழையைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய குழலைக் கொல்லன் கண்ணால் கண்டானா? இல்லை. எந்தத் தாது, எந்தக் கட்டை, எவ்வளவு சூடு என்பதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து பார்த்துக் கற்றான். அதன் பலன் இரும்புக்குள் இருந்தது. கொல்லனுக்கு அந்தப் பெருமை போதும். பொய்ப் பெருமை வேண்டாம்.

வடக்கேயும் இதே கதை. உத்தரப் பிரதேசத்துச் சினௌலியில் 2018ல் சவப்பெட்டிகளும் செம்பு வாள்களும் வண்டிகளும் கிடைத்தன. சுமார் 4,000 ஆண்டுப் பழமை. "மகாபாரத ரதம்" என்று தம்பட்டம் அடித்தார்கள். சக்கரத்தைப் பாருங்கள், தோழர்களே! ஆரக்கால் இல்லாத கட்டைச் சக்கரம். மாட்டு வண்டியாக இருக்கலாம் என்று சரித்திர ஆசிரியர் பலர் சொன்னார்கள். அந்த வண்டியைச் செய்த தச்சனை யாரும் நினைக்கவில்லை.

சரி, இந்த வித்தை ஏன் மறைந்தது? சாபத்தாலா? இல்லை. கப்பலிலும் ரயிலிலும் மலிவான இங்கிலாந்து இரும்பு வந்து இறங்கியது. 1882ல் சென்னை வனச் சட்டம் வந்து, கரிக்கு மரம் வெட்டும் வழியை அடைத்தது. உலை அணைந்தது, கொல்லன் கூலியானான். இதை மறைத்து "மாயமாய் மறைந்த வித்தை" என்றால், உலையை அணைத்தவன் தப்பித்துக் கொள்கிறான்.

இரிடியம் கதைக்கு வருவோம். அந்த உலோகம் 1803ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதை உருக்க 2,400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இரும்பு உருகவே 1,538 டிகிரி தேவை. துருத்தி ஊதிய உலையில் இரிடியக் கலசம் எப்படிச் செய்வது? அரிசியை இழுக்கும் கலசம் என்று சொல்லிப் பணம் பறித்த கூட்டங்களைத் தமிழகப் போலீசார் பலமுறை கைது செய்திருக்கிறார்கள். தோழர்களே, உங்கள் பி.எஃப். பணத்தையும், மனைவியின் தாலிச் சங்கிலியையும் அந்தக் கலசத்தில் போடாதீர்கள்!

கடைசியாக ஒன்று. கடைக்கால் எடுக்கையில், செம்மண் வெட்டுகையில், தாழி தட்டுப்பட்டால் மண்வெட்டியை நிறுத்துங்கள். பொக்லைன் ஓட்டும் தோழரிடமும் சொல்லுங்கள். பொன் இருக்கும் என்று உடைக்காதீர்கள். அநேகமாக எலும்பும் ஓடும்தான் இருக்கும். கிராம நிர்வாக அலுவலருக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டமே சொல்கிறது. "வேலை தாமதமாகும், மூடு" என்று காண்டிராக்டர் சொன்னால், ஒருவராக நின்று பேசாதீர்கள்; பத்துப் பேராகச் சேர்ந்து பேசுங்கள்.

ராஜாக்கள் தங்கள் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். கொல்லனும் குயவனும் தச்சனும் எழுதி வைத்தது அந்தத் தாழிக்குள்தான் இருக்கிறது. அதை உடைத்துவிட்டால், நம்மவர் சரித்திரத்துக்கு வேறு பிரதி கிடையாது.