திரை போட்டால் நடை சாத்தியதாகாது

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கம்ப்யூட்டர் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 1999-இல் ஓர் அலுவலகத்தில் கணினிப் பொறுப்பில் இருந்தேன். கணக்கு ஃபைல் ஒன்றில் யாரோ தொகையை மாற்றிவிட்டார்கள். அந்த மெஷினில் வேலை பார்த்தது அம்பாசமுத்திரம் பக்கத்துப் பையன். "ஸ்கிரீனைப் பூட்டிட்டுத்தான் சார் சாப்பிடப் போனேன்" என்றான். விசாரித்தவர்கள் என்னைக் கேட்டார்கள். "பாஸ்வேர்டு தெரியாம உள்ளே போக முடியாது" என்று சொல்லிவிட்டேன். பையன் வேலையை விட்டே போய்விட்டான்.

சில மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அது விண்டோஸ் 98. மெஷினை அணைத்துத் திரும்பப் போட்டு, பாஸ்வேர்டு கேட்கும்போது எஸ்கேப் பட்டனைத் தட்டினால் போதும், உள்ளே விட்டுவிடும். ஸ்கிரீன் சேவர் பூட்டியிருக்கும்போதே ஒரு சி.டி.யைப் போட்டால், அதிலுள்ள புரோகிராம் பின்னால் தானாக ஓடும்.

நெல்லையப்பர் சன்னதியில் அலங்காரம் நடக்கும்போது திரை போடுவார்கள். நடை சாத்துவது வேறு. பல கம்ப்யூட்டர்களில் பூட்டு என்பது வெறும் திரைதான். நம் வேலையெல்லாம் பின்னால் திறந்தபடியே கிடக்கும். அதை மறைத்து நிற்பதும் ஒரு புரோகிராம். அது விழுந்தால் எல்லாம் வெளிச்சம்.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2017 நவம்பரில் ஆப்பிளின் ஹை சியராவில், பயனர் பெயராக 'ரூட்' என்று அடித்து, பாஸ்வேர்டைக் காலியாக விட்டாலே முழு அதிகாரம் கிடைத்தது. மறுநாளே சரிசெய்தார்கள். 2021 ஜனவரியில் லினக்ஸ் மின்ட். ஒரு வீட்டுப் பிள்ளைகள் பூட்டிய கம்ப்யூட்டரில் கீபோர்டையும் திரையில் வரும் கீபோர்டையும் கண்டபடி தட்டி விளையாட, பூட்டு புரோகிராம் செத்து டெஸ்க்டாப் திறந்துகொண்டது!

இப்போது வேலண்ட் முறையில், பூட்டு புரோகிராம் செத்தாலும் திரை திறக்கக் கூடாது என்று விதி எழுதியிருக்கிறார்கள். அதுதான் நடை சாத்துவது.

2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்துக்குப் பிறகு, தாமிரபரணிக் கரைக் கிராமங்களிலும் வீட்டுக்கு வீடு லேப்டாப் பார்த்தோம். ஆகவே மாணவர்களுக்கு மூன்று வார்த்தை. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் அதைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டியே படித்துவிடலாம். ஊருக்குப் போகும்போது பூட்டினால் மட்டும் போதாது, அணைத்துவிட்டுப் போங்கள்.

நாலாவது, நாளைக்கு நாற்காலியில் உட்காரப் போகிறவர்களுக்கு. "பாஸ்வேர்டு அவனுக்குத்தானே தெரியும்" என்பதை மட்டும் வைத்து ஒருத்தன் மேல் பழி போடாதீர்கள். அந்தப் பையனின் முகவரி எனக்குப் பிறகு கிடைக்கவேயில்லை. அவனிடம் சொல்ல வேண்டியதைத்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறேன்.