ரேஷன் கடை வாசலில் ஒரு நிழல்

(ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரை படித்தவள். வீடு, ரெண்டு பிள்ளைகள், ஒரு மாடு, இதுதான் என் உலகம். மேடை ஏறுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

எங்க ஊர் ரேஷன் கடை முன்னாடி ஒரு பெரிய வேப்பமரம் இருந்தது. ரோடு அகலப்படுத்தும்போது வெட்டிட்டாங்க. அதுக்கப்புறம் வரிசை முழுக்க வெயிலில்தான். முந்தின வருஷம் சித்திரை மாசம் ஒரு பாட்டி மயங்கி விழுந்துட்டாங்க. நான்தான் தண்ணி தெளிச்சேன். கொட்டகை கேட்டு மனு கொடுத்தோம். இன்னும் வரல.

அந்த நேரத்தில் பயிற்சிக்கு வந்த மேடம் போனில் ஒரு வீடியோ காட்டினாங்க. ஸ்பெயின் நாட்டில் வால்வெர்தே தெ லா வேரா என்று ஒரு சின்ன கிராமம். அங்கே மரீனா ஃபெர்னாண்டஸ் ராமோஸ் என்ற கட்டடக் கலை படித்த பெண் ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறார். பழைய பிளாஸ்டிக் பைகளை நாடாவா வெட்டி, குரோஷா ஊசியால் பின்னி, தெருவுக்கு மேலே குடை குடையாத் தொங்க விடுகிறார்கள். பின்னுவது அந்த ஊர்க்காரர்கள்தான். தெருவுக்கு அழகு, நடக்கிறவங்களுக்கு நிழல். வயர் கூடை பின்னுற நமக்கு இது வராதான்னு எனக்குத் தோணுச்சு.

குழுவில் 12 பேரும் வீட்டில் கிடந்த பழைய கவரையெல்லாம் சேர்த்தோம். கைப்பிடியையும் அடியையும் வெட்டிட்டு, மிச்சத்தை வளையம் வளையமா வெட்டி, ஒண்ணோடு ஒண்ணு மாட்டினா நீளமான நூல் மாதிரி வரும். சாயங்காலம் சீரியல் பார்த்துக்கிட்டே பின்னினோம். "வேலையத்த வேலை" என்றார் என் வீட்டுக்காரர். கட்டின அன்னிக்கு ஊரே பார்த்தது.

ஆனா ஆறு மாசத்தில் வெயில் பட்டு கவர் பொடிப்பொடியா உதிர ஆரம்பிச்சது. அதை மாடு தின்னா என்ன ஆகும்? என் வீட்டு மாடும் அந்த வழியாத்தானே போகுது. எனக்கு ராத்திரி தூக்கம் வரல. வெட்கமாத்தான் இருந்தது. ஆனாலும் நாங்களே அவிழ்த்துட்டு, தெருவைக் கூட்டி அள்ளினோம்.

ரெண்டாவது தடவை பழைய நைலக்ஸ், பாலியஸ்டர் சேலை. ரெண்டு விரல் அகலத்துக்குக் கிழிச்சு, காத்து புகுந்து போற மாதிரி வலையா இடைவெளி விட்டுப் பின்னினோம். கரண்டு கம்பத்தில் கட்டக் கூடாது என்று லைன்மேன் அண்ணன் சொன்னார். அதனால் சவுக்குக் கம்பு நட்டுக் கட்டினோம். ஆடிக் காத்துக்கு முன்னாடி அவிழ்த்து, துவைச்சு, மடிச்சு வைக்கிறோம். சாயம் வெளுத்த இடத்தைப் பிரிச்சு வேற துணி போடுறோம்.

மயங்கி விழுந்த பாட்டி ரெண்டு சேலை கொடுத்தாங்க. இப்ப அதுக்குக் கீழே நின்னுக்கிட்டு, "என் பச்சைச் சேலையை ஓரத்துல போட்டுட்டீங்களேடி" என்று சண்டை போடுறாங்க.

இது கொட்டகைக்கு ஈடு இல்லை. மனுவை விடல. பக்கத்தில் ஒரு வேப்பங்கன்றும் வச்சிருக்கோம், இடுப்பளவு வந்திருக்கு. அது வளர்ற வரைக்கும்தான் இந்தச் சேலை நிழல். உங்க ஊரிலும் வெயிலில் நிக்கிற வரிசை இருந்தா சொல்லுங்க, வந்து பின்னக் கத்துத் தர்றோம். பழைய சேலையை மட்டும் நீங்க எடுத்து வைங்க.