மீளளிப்பும் சம்பளக் கணக்கும்

வரி மீளளிப்பை மதிப்பிட அமர்வோருட் பலர் வழுவுவது வரி வீதத்தில் அன்று. சம்பளம் எழுதும் முதற் கட்டத்திலேயே.

கொழும்பில் ஒருவர் மாதம் 200,000 ரூபா சம்பளம் பெற்றார் எனக் கொள்வோம். 2025 ஏப்பிரலில் தொடங்கிய வரி மதிப்பாண்டில் ஒன்பது மாதம் உழைத்தபின், டிசெம்பர் முடிவில் வேலையிழந்தார். வேறு வருமானம் இல்லை. மாதம் 3,000 ரூபா வீதம் முற்பண வருமான வரியாக 27,000 ரூபா கழிக்கப்பட்டிருந்தது. மீளளிப்பைக் கணிக்கும்போது, நியமனக் கடிதத்தைப் பார்த்து ஆண்டுச் சம்பளம் 2,400,000 என எழுதினார். நிவாரணமான 1,800,000 போக எஞ்சிய 600,000 ரூபாவுக்கு நூற்றுக்கு 6 வீதப்படி வரி 36,000 ரூபா. மீளளிப்பு எங்கே? இன்னும் 9,000 ரூபா கட்டவேண்டுமே எனக் கலங்கினார். வருவாயற்ற வீட்டுக்கு அது சிறு தொகையா? ஆனால், அவர் ஒன்பது மாதத்தில் உழைத்தது 1,800,000 ரூபாவே. அதற்கு வரி ஏதுமில்லை; 27,000 ரூபா முழுவதும் அவருக்கே திரும்பவேண்டியது.

இதற்கு மறுதலையான வழுவும் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதமும் வரியும் போக, வங்கிக்கு வந்த தொகையையே சம்பளமென எழுதுவோர் உளர். சேமலாப நிதிக்குச் செல்லும் அப்பங்கும் வரிக்குரிய சம்பளமே. அதை விட்டால், இல்லாத மீளளிப்பொன்று தாளில் தோன்றும்.

தொழில்வழங்குநர் தரும் வரிக் கழிவுச் சான்றிதழிலுள்ள மொத்தச் சம்பளத்தையும், கழித்த வரியையும் அவ்வவற்றுக்குரிய கட்டங்களில் எழுதவேண்டும். மாதச் சம்பளச் சீட்டுகளின் கூட்டுத்தொகை அச்சான்றிதழோடு இணங்காவிடின், விண்ணப்பிக்குமுன் பழைய அலுவலகத்தின் சம்பளப் பகுதியிற் கேட்டுத் திருத்திக்கொள்ளல் வேண்டும்.