உரியதை முழுவதும், உரியதை மட்டும்

இன்று சான்றிதழ் பெறும் பொதுநிலைப் பணியாளர்களே,

முத்துக்குளித்துறைக்கு 1542இல் வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் ஊர் ஊராகப் போய் ஞானஸ்நானம் கொடுத்ததை நாம் நிறையப் பேசுகிறோம். அவர் அடுத்த ஊருக்குப் புறப்பட்ட பிறகு முந்தைய ஊரில் என்ன நடந்தது என்று அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்துவிட்டுத்தான் அவர் புறப்படுவார். தமிழில் ஆக்கிக்கொடுத்த செபங்களை மக்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும், ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கூட்டிச் செபிக்க வைப்பதும், உயிருக்குப் போராடும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் அந்தக் கணக்கப்பிள்ளையின் பொறுப்பு. இந்தக் கணக்கப்பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே என்று, இந்தக் கடற்கரையிலிருந்து போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஆண்டுதோறும் போய்க்கொண்டிருந்த 4000 பணத்தைச் சவேரியார் கேட்டு வாங்கினார். அரசியின் காலுக்குப் போன பணம் உபதேசியாரான கணக்கப்பிள்ளையின் வீட்டு உலைக்கு வந்தது. உங்கள் பணிக்கு வரலாற்றில் முதலில் கிடைத்த மரியாதைகளில் ஒன்று அது.

அடுத்த இரண்டு நூற்றாண்டுகளிலும் இதே கதைதான். மதுரை மறைப்பணித்தளத்தில் ஒரு குருவானவர் எத்தனையோ ஊர்களைச் சுற்றி வர வேண்டியிருந்த காலத்தில், இடைப்பட்ட மாதங்களில் விசுவாசத்தைக் காத்தவர்கள் உபதேசியார்கள். அவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்வதற்கென்றே வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். தேம்பாவணி பாடியவர் உங்களுக்காக உரைநடையில் உட்கார்ந்து ஒரு பயிற்சிக் கையேடு எழுதினார் என்பதை நினைத்துப் பாருங்கள். இலங்கையில் டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில் அண்ணாவிமாரும் மூப்பர்களும் செபங்களைக் கைவிடவில்லை. 1687இல் புனித யோசேப்பு வாஸ் மாறுவேடத்தில் அங்கே போய் இறங்கியபோது, ஒளிந்திருந்தும் அணையாத ஒரு மக்கள் கூட்டத்தைக் கண்டார். தென்கோடிக் கடற்கரை ஊர்களில் இன்றும் ‘கோயில்பிள்ளை’ என்று அழைக்கிறோமே, அவரும் இந்த வரிசையில் வருகிறவர்தான்.

ஆனால் அந்த முன்னோர்களுக்குக் கிடைக்காத ஒன்று உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. கோயிலைச் சுற்றிய எல்லாப் பணிகளும் அவர்களுக்கு இருந்தன; பூசையில் வாய்திறந்து ஆற்றும் பணி இருந்ததில்லை. என் சிறுவயதில் பூசை லத்தீனில் நடந்தது. குரு எங்களுக்கு முதுகு காட்டி நின்று செபிப்பார். பீடப் பையன்கள் பொருள் தெரியாமல் பதில் சொல்வார்கள். நாங்கள் கீழே உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவோம். அதிலும் பக்தி இருந்தது. எங்கள் அம்மாமார் அந்தப் பூசையில்தான் புனிதர்களானார்கள். ஆனாலும் பீடத்தில் நடந்தது ஒன்று, எங்கள் உதடுகளில் ஓடியது வேறொன்று.

1963 டிசம்பர் 4 அன்று வத்திக்கான் சங்கத் தந்தையர் திருவழிபாட்டுச் சட்டத்தொகுப்பை 2147க்கு 4 என்ற வாக்குகளில் ஏற்றுக்கொண்டார்கள். வழிபாட்டில் முழுமையாகவும் உணர்ந்தும் செயல்முறையிலும் பங்கேற்பது திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவருக்கும் உரிமை, கடமை என்று அது அறிவித்தது. ஆகவே, “சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கிறோம்” என்று உங்களில் யாராவது சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. குருக்கள் போதவில்லை என்பதற்காக உங்களைக் கூப்பிடவில்லை. நம் மறைமாவட்டத்தில் நாளைக்கே குருக்கள் பெருகினாலும் வாசகம் வாசிக்க வேண்டியவர் நீங்கள்தான். சுமார் 155ஆம் ஆண்டில் உரோமையிலிருந்து புனித ஜஸ்டின் எழுதிய விளக்கத்தில், ஞாயிறன்று கூடுகிற சபையில் வாசிப்பவர் வேறு, அவர் முடித்தபின் எழுந்து அறிவுரை கூறும் தலைவர் வேறு. அவ்வளவு பழைய இடம் உங்கள் இடம்.

அந்தச் சட்டத்தொகுப்பின் 28ஆவது எண்ணை உங்கள் பயிற்றுநர்கள் பலமுறை சொல்லியிருப்பார்கள். வழிபாட்டில் ஒவ்வொருவரும் தமக்கு உரியதை முழுவதும் செய்ய வேண்டும், தமக்கு உரியதை மட்டும் செய்ய வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றைப் பற்றித்தான். ‘முழுவதும்’ என்பதில் நாம் சோம்பலால் தவறுகிறோம். ‘மட்டும்’ என்பதில் ஆர்வத்தால் தவறுகிறோம்.

வாசகர்களிடம் முதலில் வருகிறேன். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன: ஓர் ஆண்டு மத்தேயு, ஓர் ஆண்டு மாற்கு, ஓர் ஆண்டு லூக்கா. பொதுக்கால ஞாயிறுகளில் முதல் வாசகம் அன்றைய நற்செய்தியோடு கைகோக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டது. எனவே நீங்கள் எசாயாவை வாசிக்கப் போகிறீர்கள் என்றால், வீட்டில் முதலில் அன்றைய நற்செய்தியைப் படியுங்கள். இறைவாக்கினர் யாரைத் தேற்றுகிறார், யாரைக் கண்டிக்கிறார் என்பது அப்போது விளங்கும். விளங்கினால் குரல் தானாக அமையும். பூசைக்கு மணி அடித்தபிறகு சக்கிரீஸ்துக்குள் நுழைந்து “இன்னைக்கு என்ன வாசகம்?” என்று கேட்கிறவர் தமக்கு உரியதைப் பாதிகூடச் செய்யவில்லை. பெந்தக்கோஸ்து நாளில் பார்த்தர், மேதியர், எலாமியர், கப்பதோக்கியா என்று வரும் பெயர்களில் தடுக்கி விழுந்து சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்பில் போவது நம் மானம் அல்ல. எல்லா மொழியினரையும் தூய ஆவியார் ஒரே நாளில் கூப்பிட்டார் என்ற செய்தி போய்விடுகிறது. நமக்கு 1995 முதல் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பாக, நல்ல தமிழில் கையில் இருக்கிறது. அந்தத் தமிழை மெல்லாமல் விழுங்காமல் சொல்லுங்கள். வாசக நூலிலிருந்தே வாசியுங்கள். கைப்பேசித் திரையிலிருந்து வேண்டாம். முடித்தபின் ஓடிவிடாமல் சற்று அமைதி கொடுங்கள். அமைதியும் வாசகத்தின் ஒரு பகுதி.

பதிலுரைப் பாடலைப் பற்றிப் பாடகர் குழுவினரிடம் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். அது இடைவெளியை நிரப்பும் பாட்டு அல்ல. அது இறைவார்த்தையே, திருப்பாடல். அதை எடுத்துவிட்டு, மெட்டு நன்றாக இருக்கிறது என்பதற்காக வேறொரு பக்திப்பாடலை வைப்பது, அன்று ஆண்டவர் நமக்கு விரித்த மேசையிலிருந்து ஓர் உணவை எடுத்து ஒளித்துவைப்பதாகும்.

‘மட்டும்’ என்பதில் நம் தமிழகப் பங்குகளுக்கே உரிய ஒரு தவறு உண்டு. அதுதான் முன்னுரை. திருப்பலிக்கு ஒரு முன்னுரை, முதல் வாசகத்துக்கு ஒன்று, இரண்டாம் வாசகத்துக்கு ஒன்று, காணிக்கைக்கு ஒன்று, சில இடங்களில் திருவிருந்துக்கும் ஒன்று. விளக்கவுரை நன்கு ஆயத்தம் செய்யப்பட்டு, தெளிவாக, சுருக்கமாக இருக்க வேண்டும் என்றும், அதை வாசக மேடையிலிருந்து சொல்லக் கூடாது என்றும் திருப்பலி நூலின் நெறிமுறைகள் கூறுகின்றன. அந்த மேடை இறைவார்த்தைக்கு உரியது. எசாயா ஆறு வரிகளில் சொன்னதை நாம் பதினாறு வரிகளில் முன்கூட்டியே சொல்லிவிட்டால், பிறகு எசாயா எதற்கு? உங்கள் தமிழ்ப் புலமையை நான் மதிக்கிறேன், நானும் தமிழாசிரியையாக இருந்தவள். ஆனால் இறைவார்த்தை வழிபாட்டு நேரத்தில் சபை கேட்க வேண்டிய குரல் நம்முடையதல்ல.

விசுவாசிகள் மன்றாட்டும் அப்படியே. திரு அவைக்காக, ஆட்சியாளருக்காகவும் உலகின் மீட்புக்காகவும், துன்புறுவோருக்காக, நம் ஊருக்காக என்ற வரிசை அதற்கு உண்டு. மன்றாட்டை ஆண்டவருக்குச் செய்தி வாசிப்பாகவும் பங்கு மக்களுக்கு மறைமுகக் கண்டனமாகவும் எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மன்றாட்டுக்கு ஒரு வாக்கியம் போதும். காணிக்கைப் பவனியில் இன்னொன்று: கால்பந்து, கணினி, தையல் எந்திரம் என்று கொண்டுவந்து வைத்து, விளக்கமும் சொல்லி, பூசை முடிந்ததும் அவரவர் எடுத்துக்கொண்டு போகிறோம். கொடுத்ததைத் திரும்ப எடுத்தால் அது காணிக்கையா? அப்பமும் இரசமும் வரட்டும். கூடவே ஏழை வீட்டுக்குப் போகும் அரிசியும் எண்ணெயும் வரட்டும். ஜஸ்டின் காலத்துச் சபையில் அனாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் சிறையில் இருந்தவர்களுக்கும் போய்ச்சேரும் பொருள்தான் சேகரிக்கப்பட்டது.

இனி நற்கருணைப் பணியாளர்களே. 1973இல் திருத்தந்தை ஆறாம் பவுலின் அனுமதியால் உலகெங்கும் பரவிய பணி உங்களுடையது. திருப்பலியில் உங்கள் எல்லைகள் தெளிவானவை: குரு நன்மை உட்கொண்ட பிறகே பீடத்தை நெருங்குவீர்கள், பாத்திரத்தை அவர் கையிலிருந்து பெறுவீர்கள். அதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. உங்கள் பணியின் உயிர் வேறோர் இடத்தில் இருக்கிறது. கோயிலுக்கு வர முடியாமல் கட்டிலில் கிடப்பவர்களின் வீட்டில் இருக்கிறது. சபையில் இல்லாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணை கொண்டுபோனதையும் ஜஸ்டின் எழுதியிருக்கிறார். அந்த நற்கருணையைத் தாங்கும் சிமிழ் இப்போது உங்கள் கழுத்தில் தொங்கப்போகிறது.

கோயிலிலிருந்து நேராக அந்த வீட்டுக்குப் போங்கள். வழியில் காய்கறி வாங்க வேண்டாம், டீக்கடையில் வண்டியை நிறுத்த வேண்டாம். முந்தின நாளே சொல்லிவைத்தால் வீட்டார் ஒரு சிறு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுதிரி ஏற்றி, ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருப்பார்கள். போன உடனே நன்மை கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். பாவ மன்னிப்பு வேண்டல், ஒரு சிறு இறைவார்த்தை, எல்லாரும் சேர்ந்து சொல்லும் கர்த்தர் கற்பித்த செபம் ஆகியவற்றோடு அது ஒரு வழிபாடு. அந்த அறைதான் அப்போது கோயில். நோயாளியால் விழுங்க முடியாதென்றால் மிகச் சிறிய துண்டு போதும், தண்ணீரோடு. அதிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார். ‘ஆமென்’ சொல்லக் குரல் இல்லாவிட்டால் கண் சொன்னால் போதும்.

சர்க்கரை நோய் உள்ள பாட்டிமார் பலர், நன்மை வாங்க வேண்டுமே என்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், மாத்திரையும் போடாமல் காத்திருக்கிறார்கள். முதியோருக்கும் நோயாளருக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்வோருக்கும் ஒரு மணிநேர நோன்பு கட்டாயமில்லை என்று திரு அவைச் சட்டமே சொல்கிறது. “பாட்டி, இட்லி சாப்பிட்டுட்டு இருங்க, நான் வர்றேன்” என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். இந்த ஒரு சட்டம் தெரியாததால் எத்தனை பேர் மயங்கி விழுந்திருப்பார்கள்! பக்கத்தில் நின்று இரவெல்லாம் மருந்து கொடுக்கும் மருமகளையும் மறக்காதீர்கள். அவரும் பூசைக்கு வர முடியாதவர்தான். தகுந்த நிலையில் இருந்தால் அவருக்கும் நன்மை கொடுக்கலாம்.

வீட்டில் ஆள் இல்லையென்றால் சிமிழைத் திரும்பக் கோயிலுக்கே கொண்டுவந்து நற்கருணைப் பேழையில் வையுங்கள். நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று உங்கள் வீட்டு அலமாரியில் வைக்க உங்களுக்கு உரிமையில்லை. நோயில் பூசுதல் குருவுக்கு மட்டுமே உரியது. நிலைமை மோசம் என்று தெரிந்தால் தாமதிக்காமல் அவரை அழைப்பதே அங்கே உங்கள் பணி. அந்த வீட்டில் கேட்ட சண்டை, கடன், கண்ணீர் எதுவும் அன்பியக் கூட்டத்துக்குப் போகக் கூடாது.

கிளைப்பங்குகளிலிருந்து வந்திருப்பவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். குரு வர முடியாத ஞாயிறுகளில் வழிபாட்டை நடத்தப்போகிறவர்கள் நீங்கள். 1988இல் உரோமை இதற்கென்று வெளியிட்ட நெறிமுறை நூலின்படி, தலைவருக்குரிய இருக்கையில் நீங்கள் அமர்வதில்லை. குருவுக்குரிய வாழ்த்தைச் சொல்வதில்லை. ஆசி கேட்கும்போது ‘உங்களை’ என்று சொல்லாமல் ‘நம்மை’ என்று சொல்கிறீர்கள். நன்றி மன்றாட்டு நற்கருணை மன்றாட்டைப் போல ஒலிக்கக் கூடாது. இவை உங்களைச் சிறுமைப்படுத்தும் விதிகள் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த ஊர் மக்கள் திருப்பலிக்கான பசியை இழந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதிகள் அவை. நம் வழிபாடு போதும் என்று மக்கள் சொல்லத் தொடங்கிவிட்டால், அதை நம் வெற்றியாக எண்ணிவிடாதீர்கள்.

சகோதரிகளுக்குத் தனியாக ஒரு சொல். எங்கள் தலைமுறைப் பெண்களுக்குப் பீடத்துணி துவைக்கவும் பூ வைக்கவும் இடம் இருந்தது. வாசிக்க இடம் இல்லை. 1972இல் வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பொதுநிலையினருக்குத் திறந்தபோதுகூட, முறையாக ஏற்படுத்தப்படுவது ஆண்களுக்கு மட்டும் என்றே இருந்தது. 2021 ஜனவரி 10 அன்று, ஆண்டவரின் திருமுழுக்கு விழாவில், திருத்தந்தை பிரான்சிஸ் அந்தச் சட்டத்தை மாற்றினார். அதே ஆண்டு மே மாதத்தில் மறைக்கல்வியாளர் பணியையும் முறையான திருப்பணியாக நிறுவினார். இந்த மண்டபத்தில் சான்றிதழ் வாங்கக் காத்திருக்கும் பெண்களைப் பார்க்கும்போது என் அம்மாவை நினைத்துக்கொள்கிறேன், நெஞ்சு நிறைகிறது.

கடைசியாக, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தையரிடம் உரிமையோடு கேட்கிறேன். இவர்களுக்கு வாசகப் பட்டியலை ஒரு மாதம் முன்னதாகவே கொடுங்கள். கிழிந்த வாசக நூலை மாற்றுங்கள். மாதம் ஒருமுறை இவர்களோடு உட்கார்ந்து வரப்போகும் ஞாயிறுகளைப் பற்றிப் பேசுங்கள். திண்டிவனத்தில் நம் தமிழக விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் இருக்கிறது, அங்கே நடக்கும் பயிற்சிகளுக்குப் பங்குச் செலவிலேயே அனுப்பிவையுங்கள். சவேரியார் அரசியிடமே கேட்டு வாங்கினார். பங்குப் பேரவையிடம் கேட்க நாம் தயங்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்றவர்களே, நீங்கள் உங்கள் பங்குக்குத் திரும்பியதும் ஓர் இளைஞரையோ இளம்பெண்ணையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுக்கத் தொடங்குங்கள். நீங்கள் ஊரில் இல்லாத ஞாயிறுகளிலும் அங்கே வாசகம் ஒழுங்காக வாசிக்கப்பட வேண்டும். கட்டிலில் கிடப்பவருக்கு நன்மை போய்ச்சேர வேண்டும்.

ஆயர் அவர்கள் உங்களை ஆசீர்வதித்து அனுப்பக் காத்திருக்கிறார். அவருக்கு இடம் விட்டு அமர்கிறேன்.