கணிப்பொறி வலையும் கீழ்வாய் இலக்கமும்



திருவான்மியூர் என்றவுடன் மருந்தீசர் திருக்கோயிலை நினைப்பவர் பலர். சம்பந்தரும் அப்பரும் பாடிய பழம்பதி அது. கலாக்ஷேத்திரத்தை நினைப்பவர்களும் உண்டு. ஆனால், காலை வேளையில் திருவான்மியூர் இரயில் நிலையத்தில் வந்து இறங்கும் இளைஞர் கூட்டத்திற்கு அவ்வூர்ப் பெயர் வேறொன்றை நினைவூட்டுகிறது. 2000ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. மயிலாப்பூரோடு நின்றிருந்த பறக்கும் இரயில் பாதை 2004இல் இவ்வூர் வரை நீண்டது. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கண்ணெதிரே உயர்ந்து நிற்பது அப்பூங்காவின் கட்டடமே. பூங்கா என்று பெயர். உள்ளே இருப்பவை கணிப்பொறிகள்.

அங்கும், அதற்கு அப்பால் தெற்கே நீண்டு செல்லும் சாலையிலும் வேலை பெற்றவர்கள் ஒரு சாரார். அவ்வேலையை நாடி வெளியூர்களிலிருந்து வந்து, நாலைந்து பேராகச் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு படிக்கிறவர்கள் மற்றொரு சாரார். அவர்களுள் பலர் படிப்பது ஒரு குறிப்பிட்ட தேர்வுக்காக. அத்தேர்வைப் பற்றியும், அதற்குப் படிக்கும் முறையைப் பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

சி.சி.என்.ஏ. என்பது அதன் பெயர். கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவிகளைச் செய்கின்ற சிஸ்கோ என்னும் அமெரிக்க நிறுவனம் 1998இல் அதனைத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் பாடத்திட்டம் பெரிதும் மாற்றியமைக்கப்பட்டது. அதன்படி தேர்வு நேரம் 120 நிமிடம். இதனை எழுதப் பட்டம் வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. முன் அனுபவம் வேண்டும் என்பதும் இல்லை. ஒரு கேள்விக்கு விடை அளித்து அடுத்ததற்குச் சென்றுவிட்டால் திரும்பி வந்து திருத்த இயலாது. பெற்ற சான்றிதழ் மூன்றாண்டுக் காலம் செல்லும். கட்டணம் வரி நீங்கலாக 300 அமெரிக்க டாலர். நம் பணத்தில் இருபத்தையாயிரம் ரூபாய்க்குக் குறையாது. முதல் வேலையில் கிடைக்கக்கூடிய ஒரு மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தொகை இது. தவறினால் ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம். ஆனால் மறுபடியும் முழுக் கட்டணம். திருவான்மியூர் அறைகளில் விளக்கு நள்ளிரவு வரை எரிவதற்கு இக்கணக்கும் ஒரு காரணம்.

அப்படி என்னதான் படிக்கிறார்கள்? ஒரு கடிதத்தை எண்ணிப் பாருங்கள். திருவான்மியூரின் அஞ்சல் குறியீட்டெண் 600041. இம்முறை 1972ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. தில்லியில் கடிதங்களைப் பிரிக்கும் அன்பர் முதல் எண்ணாகிய ஆறைக் கண்டவுடன் அதைத் தெற்கே செல்லும் பையில் போட்டுவிடலாம். திருவான்மியூரில் எத்தனை தெருக்கள், எத்தெருவில் யார் குடியிருக்கிறார் என்ற விவரம் அவருக்கு வேண்டியதில்லை. 600 என்பது சென்னையைக் காட்டும். இறுதி மூன்று எண்கள் இவ்வூர் அஞ்சலகத்தைக் காட்டும். கதவிலக்கத்தைப் பார்க்க வேண்டியவர் இவ்வூர்த் தபால்காரர் ஒருவரே.

கணிப்பொறி வலையில் ரௌட்டர் என்னும் கருவி செய்யும் வேலையும் இத்தகையதே. நாம் அனுப்பும் செய்தி சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் சேர வேண்டிய முகவரி எழுதப்படுகிறது. ரௌட்டர் அம்முகவரியின் முற்பகுதியை மட்டும் பார்த்து, எந்தக் கம்பி வழியே அனுப்பலாம் என்று முடிவு செய்கிறது. வழிகள் பல இருந்தால், குறுகிய சந்துகள் வழியே போவதைவிட அகலமான சாலையைத் தேர்ந்துகொள்ளும் வகையில் அதற்கு விதிகள் உள்ளன. அவ்விதிகளுள் ஒன்றுக்கு அடிப்படை, டைக்ஸ்ட்ரா என்ற டச்சு நாட்டு அறிஞர் 1959இல் வெளியிட்ட ஒரு கணக்கு முறை.

இனி அஞ்சலுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை. அஞ்சல் முறையில் ஊர் எங்கே முடிகிறது என்பது நிலையானது. ஆறு எண்கள் முடிந்தால் ஊர் முடிந்தது. ஐ.பி. முகவரி என்னும் கணிப்பொறி முகவரியிலோ அவ்வெல்லை இடம் பெயரும். முகவரி மொத்தம் 32 பிட்டுகள் கொண்டது. பிட் என்பது ஒன்று அல்லது சுழி என்னும் ஒரே ஓர் இலக்கம். எட்டெட்டாகப் பிரித்து, நான்கு எண்களாக எழுதுவது வழக்கம். 192.168.10.77 என்பது அத்தகைய ஒரு முகவரி. இதில் எத்தனை பிட்டுகள் ஊரைக் குறிக்கின்றன, எத்தனை வீட்டைக் குறிக்கின்றன என்பதைத் தனியே ஒரு சாய்கோடு போட்டு எழுதிக் காட்டுவர். சாய்கோடு 26 என்றால் முதல் 26 பிட்டுகள் ஊர். எஞ்சிய ஆறும் வீடு. பெரிய வலையைச் சிறு சிறு பகுதிகளாக இவ்வாறு பிரிப்பதற்குச் சப்நெட்டிங் என்று பெயர். தேர்வுக்குப் படிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களை மிகுதியாக அச்சுறுத்துவது இதுவே.

அச்சத்திற்கு இதில் இடமே இல்லை என்பது என் கருத்து. நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனனம் செய்தார்கள். அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்கும் கீழ்வாய் இலக்கம் அதில் உண்டு. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் கடைவீதிக்குச் சென்ற நேயர்களுக்கு விளக்கம் வேண்டா. ரூபாயில் அரை எட்டணா, கால் நாலணா, அரைக்கால் இரண்டணா, வீசம் ஓரணா. 1957இல் நயா பைசா வந்த பிறகு இக்கணக்கு வழக்கொழிந்தது. ஆனால் சப்நெட்டிங் என்பது அதே கணக்குத்தான். முகவரியின் கடைசி எண் சுழி முதல் 255 வரை செல்லும். ஆக மொத்தம் 256 எண்கள். இதை ஒரு ரூபாய் என்று கொள்ளுங்கள். அரை 128, கால் 64, அரைக்கால் 32, வீசம் 16, அரை வீசம் 8, கால் வீசம் 4. இவை முறையே சாய்கோடு 25, 26, 27, 28, 29, 30 ஆகும். ஊருக்கு ஒரு பிட் கூடினால் வீடுகள் பாதியாகும். இதற்குமேல் இரகசியம் ஒன்றும் இல்லை.

ஓர் அலுவலகத்தில் ஒரு பிரிவில் 50 கணிப்பொறிகள் இருக்கின்றன, மற்றொன்றில் 25, இன்னொன்றில் 12. முதற்பிரிவுக்குக் கால் வேண்டும், இரண்டாவதற்கு அரைக்கால், மூன்றாவதற்கு வீசம் போதும். இரண்டு ரௌட்டர்களை மட்டும் இணைக்கும் கம்பிக்குக் கால் வீசம் ஒதுக்குவது வழக்கம். ஒவ்வொரு பகுதியிலும் முதல் எண் அப்பகுதியின் பெயராக நிற்கும். கடைசி எண் பொது அறிவிப்புக்கு உரியது. ஆதலின் கணிப்பொறிகளுக்குக் கொடுக்கக்கூடியவை இரண்டு குறைவு. கால் பகுதியில் 62, அரைக்கால் பகுதியில் 30.

பொது அறிவிப்பு என்றேன். அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் பிராட்காஸ்ட். ஆம், இப்பொழுது நான் செய்துகொண்டிருப்பதும் அதுவே! இன்னார்க்கு என்று பெயர் சொல்லாமல் ஒலிபரப்புகிறேன். பெட்டியைத் திறந்து வைத்திருப்பவர் யாவர் காதிலும் விழுகிறது. ஒரு பகுதியிலுள்ள கணிப்பொறி, ‘77ஆம் எண்ணுக்கு உரியவர் யார்?’ என்று இவ்வாறே எல்லாரையும் பார்த்துக் கேட்கும். உரியது மட்டும் விடை கூறும். மற்றவை வாளா இருக்கும்.

இங்கே ஓர் இடர் நேரலாம். ஒரு பகுதிக்குள் கணிப்பொறிகளை இணைக்கும் பெட்டிகளுக்குச் சுவிட்ச் என்று பெயர். அத்தகைய பெட்டிகள் இரண்டிற்கு நடுவே, ஒன்று அறுந்தால் மற்றொன்று உதவட்டும் என்று இரு கம்பிகளை இணைக்கிறோம். பொது அறிவிப்பு ஒரு கம்பி வழியே சென்று மறு கம்பி வழியே திரும்பிவரும், மீண்டும் செல்லும், அதற்கு ஓய்வே இல்லை. சில நொடிகளில் வலை முழுவதும் ஸ்தம்பித்துப்போகும். மிகையான கம்பியைத் தாமே கண்டறிந்து அடைத்து வைத்து, முதற்கம்பி அறுந்தவுடன் அதனைத் திறந்துவிடும் முறையை 1985இல் வகுத்தவர் ராடியா பெர்ல்மன் என்னும் பெண்மணி. தேர்வில் அது ஒரு முக்கியப் பகுதி. விதிகளை மட்டும் உருப்போடுவோர் அதை மறந்துவிடுகிறார்கள். அறிவிப்பு சுற்றிச் சுற்றி வருவதைக் காகிதத்தில் ஒருமுறை வரைந்து பார்த்தவர் மறப்பதில்லை.

தேர்வு தமிழில் நடத்தப்படுவதில்லை. தமிழ்வழிப் படித்து வந்த மாணவர் இதனால் தயங்குகிறார். அவருக்கு ஒன்று கூறுவேன். ரௌட்டர், சுவிட்ச், சப்நெட் முதலிய சொற்களை அப்படியே கற்றுக்கொள்ளுங்கள். தேர்விலும் தொழிலிலும் அவையே வழங்குகின்றன. ஆனால் அவற்றின் பொருளைத் தமிழில் சிந்தியுங்கள். ஒரு பாடத்தைப் படித்து முடித்ததும் அறையிலுள்ள நண்பருக்கு அதைத் தமிழில் விளக்கிச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் தடை மொழியில் இல்லை; பாடமே இன்னும் பிடிபடவில்லை.

இனிச் சொல்லப்போவது சற்றுக் கசப்பானது. தேர்வு எழுதியவர்கள் நினைவிற்கொண்டு வந்த கேள்விகளைத் திரட்டி விற்பவர் உளர். டம்ப்ஸ் என்று மாணவர் உலகில் அதற்குப் பெயர். ‘இதைப் படித்தால் தேர்ச்சி உறுதி’ என்று விளம்பரமும் செய்கிறார்கள். பிள்ளைகளை நான் முற்றிலும் குறை கூறமாட்டேன். வீட்டில் கடன் வாங்கிக் கட்டிய பணம் போய்விடுமோ என்ற அச்சமே அவர்களை அங்கே இட்டுச் செல்கிறது. ஆனால் கேள்விகளை வெளியிடமாட்டேன் என்று ஒப்புக்கொண்ட பிறகே தேர்வு தொடங்குகிறது. மீறியது தெரிந்தால் சான்றிதழை இழக்க நேரிடும். மேற்கொண்டு எழுதத் தடையும் வரலாம். அது கிடக்கட்டும். சான்றிதழோடு வேலை கேட்டுச் செல்கிறார்; எதிரே அமர்ந்திருப்பவர் ஒரு வெண்பலகையைக் காட்டி, ‘இவ்விரு பிரிவுகளும் ஒன்றோடொன்று பேசவில்லை; எங்கே தொடங்கிப் பார்ப்பீர்?’ என்று கேட்கிறார். பத்து நிமிடத்தில் சாயம் வெளுத்துவிடும். இருபத்தையாயிரம் ரூபாயும் அதோடு போயிற்று.

எங்கே தொடங்குவது என்பதுதான் இக்கல்வியின் பயனுள்ள பகுதி. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது மின்சாரமும் தொலைத்தொடர்பும் நாட்கணக்கில் தடைப்பட்டன. அத்தகைய வேளையில் மருத்துவமனைக்கோ வங்கிக்கோ வேண்டியவர், பதற்றமின்றி அடியிலிருந்து மேலாகச் சோதித்து வருபவர். மின்சாரம் இருக்கிறதா, கம்பி செருகியிருக்கிறதா, சுவிட்சில் விளக்கு எரிகிறதா, முகவரி சரியான பகுதியைச் சேர்ந்ததா, ரௌட்டருக்கு வழி தெரிகிறதா, இவ்வாறு ஒவ்வோர் அடுக்காக ஏற வேண்டும். வலையை ஏழு அடுக்குகளாகக் கொண்டு விளக்கும் ஓ.எஸ்.ஐ. முறையை மாணவர் சலிப்போடு மனனம் செய்கிறார்கள். பழுது பார்க்கும்போது அது வெறும் பட்டியலாக இராது. எங்கே கை வைப்பது என்று காட்டும்.

இதற்குக் கைப்பழக்கம் வேண்டும். விலையுயர்ந்த கருவிகளை வாங்கத் தேவையில்லை. பாக்கெட் டிரேசர் என்னும் மென்பொருளைச் சிஸ்கோ நிறுவனமே கட்டணமின்றி அளிக்கிறது. சாதாரணக் கணிப்பொறியிலேயே ரௌட்டர்களையும் சுவிட்சுகளையும் திரையில் இணைத்துப் பழகலாம். அமைத்துப் பார்ப்பதோடு நில்லாமல், நண்பர் ஒருவரைக்கொண்டு வேண்டுமென்றே ஒரு பிழையை நுழைக்கச் சொல்லுங்கள். பிறகு ‘ஷோ ஐ.பி. ரௌட்’ முதலிய ஆணைகளைக் கொடுத்து அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். நாலு பேர் ஓர் அறையில் தங்கிப் படிப்பதால் விளையும் நன்மை இதுவே. தேர்வுக் கட்டணத்தை அதன் பிறகு கட்டினால் போதும். பணத்தை முதலிற் கட்டிவிட்டால் படிப்பு தானே வரும் என்பாரும் உண்டு. இருபத்தையாயிரம் ரூபாயை வைத்து அச்சோதனையைச் செய்ய நான் யாரையும் தூண்டமாட்டேன்.

சான்றிதழ் பெற்றவர் எல்லார்க்கும் வேலை காத்திருக்கிறது என்றும் நான் கூறவில்லை. கருவிகளை மனிதர் ஒவ்வொன்றாக அமைத்த நிலை மாறி, நிரல்களே பலவற்றை ஒருசேர அமைக்கும் நிலை வந்திருக்கிறது. பாடத்திட்டத்திலும் அதற்குப் பத்தில் ஒரு பங்கு இடம் தந்திருக்கிறார்கள். ஆயினும் நிரலுக்கு ஆணை எழுதுகிறவருக்கும், எது எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்ற தெளிவு முதலில் வேண்டும்.

நேரம் முடியப்போகிறது. ஒரு கணக்கைச் சொல்லி விடைபெறுகிறேன். 192.168.10.77 என்னும் முகவரி, சாய்கோடு 27. இது எந்தப் பகுதியில் விழும்? 27 என்றால் அரைக்கால், அதாவது 32. சுழி, 32, 64, 96 என்று எண்ணிக்கொண்டே போங்கள். 77 என்பது 64க்கும் 96க்கும் இடையே நிற்கிறது. ஆகவே பகுதியின் பெயர் 64. பொது அறிவிப்புக்குரிய எண் 95. இடையிலுள்ள 30 எண்கள் கணிப்பொறிகளுக்கு. சாய்கோடு 28 ஆகி, பகுதி வீசமாகச் சுருங்கினால் அதே 77 எங்கே விழும்? காகிதம் வேண்டா, விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். வீட்டில் பழைய அணாக் கணக்குத் தெரிந்த பெரியவர் இருந்தால் அவரையும் கேட்கலாம்; உங்களுக்கு முன்னால் அவர் விடை சொல்லக்கூடும்.