மணிக்கூண்டுக் கூகை
(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



சென்ற ஆண்டு ஒருநாள் காலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தேன். மணிக்கூண்டுக்குக் கீழே ஒரே காக்கைக் கூச்சல். போய்ப் பார்த்தால், சுவரோரம் ஒரு கூகை கிடந்தது. வெள்ளை முகம், கறுத்த கண்கள். பட்டம் விடும் நைலான் மாஞ்சா நூல் இடது இறக்கையில் சுற்றிச் சதையை அறுத்திருந்தது. "சாமி, தொடாதீங்க. ஆந்தை முகத்துல முழிச்சா ஆகாது" என்றார் கோயில்பிள்ளை. சற்று முன்தான் நற்கருணை வாங்கியவர்! வயலில் எலி பிடிக்க இந்தப் பறவை வந்து உட்காரட்டும் என்று விவசாயிகள் பறவைத் தாங்கி நட்டு வைக்கிறார்கள். ஊருக்குள் வந்தால் மட்டும் அது அபசகுனம்.

எனக்கு இருந்தது வேறு பயம். முன்பு வேறொரு பங்கில் இருந்தபோது, மரத்திலிருந்து விழுந்த அணில்குட்டி ஒன்றை எடுத்து, பாவம் பசிக்குமே என்று அதன் வாயில் பசும்பால் விட்டேன். ஒரு மணி நேரத்தில் அது என் கையிலேயே செத்துப்போனது. பால் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கிறது. இரக்கப்பட்டுத்தான் செய்தேன். இன்றுவரை அது மனத்தை விட்டுப் போகவில்லை.

ஆகவே இந்த முறை சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நூலைப் பிடித்து இழுக்கவும் இல்லை. பழைய துண்டு ஒன்றை மேலே போட்டு மெல்லத் தூக்கி, துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடினேன். இருட்டில் பறவை அமைதியாகிவிடும். பீடச்சிறுவன் ஒருவன் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள, ஸ்கூட்டரில் அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனோம்.

அங்கே மாடும் ஆடுமாக வரிசை. வயிறு உப்பிய ஆட்டோடு நின்ற ஒரு பாட்டி, "என்ன சாமி, கோழியா?" என்றார். ஆந்தை என்றதும் முகம் சுளித்தார். ஆனாலும், "நீங்க முன்னால போங்க" என்று வழிவிட்டார். அந்தப் பாட்டியை நான் மறக்கமாட்டேன்.

மருத்துவர் நூலைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்து, புண்ணைக் கழுவி மருந்திட்டார். பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறதாம். நாம் ஊற்றும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடுமாம். அணில் கதையைச் சொன்னேன். "தெரியாமத்தானே செஞ்சீங்க, ஃபாதர்" என்றார், தலை நிமிராமலே.

குணமாகும்வரை பங்கு இல்லத்தில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். கூடாது என்றார். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்கும் உண்டு. வனத்துறையிடம்தான் ஒப்படைக்க வேண்டும். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

திரும்பி வரும் வழியில் லூக்கா நற்செய்தியின் நல்ல சமாரியர் நினைவுக்கு வந்தார். அவர் நின்றதையும் இரங்கியதையும் பற்றி எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். அதன்பின் அவர் செய்ததை நான் கவனித்ததே இல்லை. காயத்துக்குக் கட்டுப்போட்டார். சாவடிக்குக் கொண்டுபோனார். மறுநாள் இரண்டு தெனாரியத்தை எடுத்துக் கொடுத்து, சாவடிப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டுத் தம் வழியே போனார். காயப்பட்டவரைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. திரும்பி வரும்போது மீதியைத் தருவதாகச் சொன்னாரே, அதனால் மறந்துவிடவும் இல்லை.

நேயர்களே, அடிபட்ட பறவையோ விலங்கோ உங்கள் வாசலில் கிடந்தால் பாலும் ரொட்டியும் தேடாதீர்கள். ஒரு பெட்டியைத் தேடுங்கள். நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-லேயே நாடெங்கும் தடை செய்துவிட்டது. பிள்ளைகள் கையில் எந்த நூல் இருக்கிறது என்று மாடிக்குப் போய்ப் பாருங்கள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு மாலை இருட்டும் நேரத்தில் வனத்துறையினர் கூகையை எங்கள் கோயில் வளாகத்துக்கே கொண்டுவந்து விட்டார்கள். ஒரு சத்தமும் இல்லாமல் எழும்பி மணிக்கூண்டுக்குள் போனது. இப்போதும் இரவில் அது அலறுகிறது. கோயில்பிள்ளை இன்னமும் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்கிறார். ஆனால், இரண்டு நாள் சத்தம் கேட்காவிட்டால், "சாமி, நம்ம ஆளைக் காணோமே" என்று முதலில் வந்து நிற்பவரும் அவர்தான்.